நீலத்துக்கு எதிரே மஞ்சளா, செம்மஞ்சளா? நிரப்பு நிறங்களுக்கு மலையகத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சில வருடங்களுக்கு முன் தரம் 10 பிள்ளை ஒருத்தி இரண்டு கொப்பிகளைத் திறந்தபடியே கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“டீச்சர், விஞ்ஞானத்துல சேர் நீலத்துக்கு நிரப்பு நிறம் மஞ்சள்னு எழுதச் சொன்னாரு. நீங்க செம்மஞ்சள்னு சொல்றீங்க. இதுல எது சரி?”

“அந்தப் பாடத்துல அதை எழுது, இந்தப் பாடத்துல இதை எழுது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவளுக்குப் புள்ளி கிடைத்திருக்கும், பதில் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு பிள்ளைகளோடு சேர்ந்து ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துத்தான் எனக்கே விஷயம் தெளிந்தது. அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். படித்துக்கொண்டு போகாமல் கூடவே செய்து பாருங்கள். நிறம் கண்ணால் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

தேவையான சாமான்கள் அதிகமில்லை. வெள்ளைக் கடதாசி, ஒரு மெழுகுவர்த்தி, மூன்று டோர்ச் லைட், சிவப்பு, பச்சை, நீல நிறங்களில் செலோபேன் தாள், மிச்சம் மீதிக் கம்பளி நூல், சாதாரண நீர்வர்ணப் பெட்டி ஒன்று. இவ்வளவுதான்.

‘நிரப்பு’ என்றால் என்ன

பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. ஒரு குடத்தில் பாதித் தண்ணீர் இருந்தால் குறைகிற பாதியை ஊற்றி நிரப்புகிறோம். வெள்ளை வெளிச்சத்தை அந்த நிறைகுடமாக நினைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து ஒரு நிறத்தை எடுத்துவிட்டால் மிஞ்சி நிற்பது எதுவோ, அதுதான் எடுத்த நிறத்தின் நிரப்பு நிறம். இரண்டும் திரும்பச் சேர்ந்தால் குடம் நிறையும், வெள்ளை வரும்.

வெள்ளைக்குள் எல்லா நிறமும் இருக்கிறது என்று முப்பட்டைக் கண்ணாடியை வைத்துக் காட்டியவர் ஐசக் நியூட்டன். பாடப்புத்தகத்தில் அரியம் என்று வருமே, அந்தக் கண்ணாடிதான். 1704இல் வந்த ஒளியியல் நூலில் அவர் நிறங்களை ஒரு வட்டமாக அடுக்கி, நடுவிலே வெள்ளையை வைத்தார். எதிரெதிர் நிறம் என்று நாம் பேசுவது அந்த வட்டத்திலிருந்து வந்த பேச்சு.

வட்டத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். அதைவிட நல்ல வட்டம் ஒவ்வொருவர் கண்ணுக்குள்ளும் இருக்கிறது.

படி 1: கண்ணையே கேளுங்கள்

பத்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு சிவப்பு வட்டம் வெட்டி வெள்ளைக் கடதாசியின் நடுவில் வையுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, வட்டத்தின் மையத்தை 30 விநாடி அசையாமல் பாருங்கள். கண் சிமிட்டலாம், பார்வை மட்டும் நகரக் கூடாது. பிறகு வட்டத்தை இழுத்துவிட்டு அதே இடத்தையே பாருங்கள்.

வெறும் கடதாசியில் ஒரு வட்டம் மிதக்கும். “பச்சை” என்று பிள்ளைகள் கத்துவார்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்க்கச் சொன்னால், “இல்ல டீச்சர், நீலமும் கலந்திருக்கு” என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அந்தப் பிள்ளை பார்த்ததுதான் சரி. சிவப்புக்குக் கண் கொடுக்கிற பதில், நீலம் கலந்த பச்சை. அச்சுத் தொழிலில் இதைச் சயன் என்பார்கள்.

நம் விழித்திரையில் நிறத்தை உணரும் கூம்புக் கலங்கள் மூன்று வகை. ஒரு வகை சிவப்புப் பக்கத்து நீண்ட ஒளி அலைகளுக்கும், ஒரு வகை பச்சைப் பக்கத்து நடுத்தர அலைகளுக்கும், ஒரு வகை நீலப் பக்கத்துக் குறுகிய அலைகளுக்கும் அதிகமாகத் தூண்டப்படும். இப்படி மூன்று வகை உணரிகள் இருக்க வேண்டும் என்று ஆங்கில அறிஞர் தோமஸ் யங் 1802இலேயே சொன்னார். சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் முதல் வகை களைத்துப்போகும். பிறகு வெள்ளையைப் பார்க்கும்போது மற்ற இரண்டும் முழுப் பலத்தோடு பேச, களைத்தது முனகும். வெள்ளையில் சிவப்புக் குறைந்தால் என்ன தெரியுமோ அது தெரிகிறது.

மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொரு வட்டமாக வைத்துப் பார்த்து, கண்டதைக் கொப்பியில் எழுதுங்கள். பச்சைக்கு வாடாமல்லிப் பூ நிறம் வரும். மஞ்சளுக்கு ஊதா சாய்ந்த நீலம். உங்கள் பெட்டி நீலத்துக்கு மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த மாதிரி ஒன்று. இந்தக் கடைசிக் குறிப்பைப் பத்திரமாக வையுங்கள். அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலே இருக்கிறது.

படி 2: ஜன்னலோரம் ஒரு மெழுகுவர்த்தி

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பொழுது சாய்ந்து, லயத்து வரிசை வீடுகளில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும் நேரம் இதற்குச் சரி. வீட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னலோரம் மேசையில் வெள்ளைக் கடதாசியை விரியுங்கள். நடுவில் ஒரு பென்சிலை நிறுத்துங்கள். உருளைக்கிழங்குத் துண்டில் குத்தினால் ஆடாமல் நிற்கும். கடதாசியின் ஒரு பக்கம் ஜன்னல், அதற்கு எதிர்ப்பக்கம் மெழுகுவர்த்தி. ஜன்னல் வெளிச்சம் கூடுதலாக இருந்தால் மெழுகுவர்த்தியைக் கிட்டக் கொண்டுவாருங்கள். இரண்டு நிழலும் ஒரே அளவு கறுப்பாகத் தெரியும்வரை நகர்த்துங்கள்.

இப்போது பாருங்கள். நிழல் கறுப்பாக இல்லை. ஜன்னல் பக்கமாக விழுகிற நிழல் நீலம். மெழுகுவர்த்திப் பக்கமாக விழுகிற நிழல் மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த நிறம். முதன்முதலில் இதைப் பார்த்த பிள்ளை எதுவும் பேசாமல் விரலை நீட்டி அந்த நீலத்தைத் தொட்டுப் பார்த்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

காரணம் இதுதான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தைப் பென்சில் மறைத்த இடத்தில் ஆகாய வெளிச்சம் மட்டும் விழுகிறது. ஆகாய வெளிச்சத்தை மறைத்த இடத்தில் மெழுகுவர்த்தி மட்டும். கடதாசியின் மற்ற இடமெல்லாம் இரண்டும் கலந்த வெளிச்சம், அதைக் கண் வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒவ்வொரு நிழலும் அந்த வெள்ளையில் ஒரு பங்கு குறைந்த இடமாகிறது.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். ஒரு கடதாசியைச் சுருட்டிக் குழாயாக்கி, அதன் வழியே நீல நிழலை மட்டும் பாருங்கள். மற்றக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சுற்றிலும் எதுவும் தெரியாதபோது அந்த நீலம் பெரும்பாலும் வடிந்து சாம்பலாகிவிடும். ரம்ஃபோர்ட் பிரபு என்று அறியப்பட்ட பென்ஜமின் தொம்சன் 1794இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் எழுதினார். குழாய் வழியே பார்க்கையில் நிழலின் நிறம் மறைந்துவிடுகிறது, அப்படியானால் அந்த நிறத்தில் பெரும்பங்கு பக்கத்து நிறத்தால் கண் உண்டாக்கிக்கொண்டது என்று கண்டார்.

ஓவியம் வரைகிறவருக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. மஞ்சள் வெயில் அடிக்கிற மலையில் நிழல் நீலமாகத் தெரிவது கற்பனை இல்லை. நீல ஆகாயத்து வெளிச்சம் அந்த நிழலில் உண்மையாகவே விழுகிறது, அதைப் பக்கத்து மஞ்சள் இன்னும் தூக்கிக் காட்டுகிறது. நிழலுக்குக் கறுப்பை எடுக்கிற பழக்கத்தை விட இந்த ஒரு மெழுகுவர்த்தி போதும்.

மழை நாளாகவோ இரவாகவோ இருந்தால் ஜன்னலுக்குப் பதிலாகப் போன் டோர்ச்சைப் பயன்படுத்தலாம். அதன் வெளிச்சம் மெழுகுவர்த்தியைவிட நீலம் கூடியது, அதனால் நடக்கும். ஆனால் அந்தி வெளிச்சத்தில் வருகிற அழகு வராது.

படி 3: மூன்று டோர்ச்

மூன்று டோர்ச்சுகளின் வாயில் சிவப்பு, பச்சை, நீலச் செலோபேன் தாளை இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டுங்கள். இருட்டறையில் வெள்ளைச் சுவரில் மூன்றும் ஒரே இடத்தில் விழும்படி அடியுங்கள். நீலம் எப்போதும் மங்கலாக இருக்கும், அதைச் சுவருக்குக் கிட்டப் பிடியுங்கள்.

சிவப்பும் பச்சையும் விழும் இடம் மஞ்சள். வர்ணப் பெட்டியோடு பழகிய பிள்ளைகள் இதை நம்பவே மாட்டார்கள், நாலு தடவை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்ப்பார்கள். பச்சையும் நீலமும் சேர்ந்தால் சயன். நீலமும் சிவப்பும் சேர்ந்தால் மெஜந்தா, அதாவது நம் வாடாமல்லி நிறத்துக்குக் கிட்டியது. மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய வெள்ளை. செலோபேன் சுத்தமான வடிகட்டி இல்லையென்பதால் பால் வெள்ளை வராது.

அப்புறம் சுவருக்கு முன்னால் ஒரு பென்சிலைப் பிடியுங்கள். மூன்று நிழல் விழும். சிவப்பை மறைத்த நிழல் சயன், பச்சையை மறைத்த நிழல் மெஜந்தா, நீலத்தை மறைத்த நிழல் மஞ்சள். வெள்ளையில் எது குறைந்ததோ அதன் நிரப்பு நிறம் நிழலாக நிற்கிறது. விஞ்ஞானப் புத்தகத்து ஜோடிகள் மூன்றும் சுவரிலேயே எழுதிக் கிடக்கின்றன.

இதே கதை வீட்டுக்குள் எங்கெங்கு நடக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். போன் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து ஊசிமுனையளவு தண்ணீர்த் துளி வையுங்கள். துளி உருப்பெருக்கிக் கண்ணாடியாக வேலை செய்து, வெள்ளைக்குள் இருக்கிற சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைக் காட்டும். போன் டோர்ச்சை அணைத்துவிட்டு அதன் வாயை உற்றுப் பாருங்கள், சின்னதாய் ஒரு மஞ்சள் சதுரம் இருக்கும். உள்ளே எரிவது நீல எல்ஈடி. அதன்மேல் பூசிய மஞ்சள் பொருள் நீலத்தில் ஒரு பங்கை வாங்கி மஞ்சளாக உமிழ்கிறது. மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்து வெள்ளையாக வெளியே வருகிறது. அந்த நீல எல்ஈடிக்காகத்தான் 2014ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு மூன்று பேருக்குக் கொடுக்கப்பட்டது: அகசாகி, அமானோ, நகமுரா.

வெள்ளைச் சீருடைக்கு அம்மா போடுகிற நீலமும் இந்தக் குடும்பம்தான். பழசான வெள்ளைத் துணி நீலத்தைக் குறைவாகத் திருப்பி அனுப்புவதால் மஞ்சளடித்துத் தெரிகிறது. நீலம் போட்டால் கூடுதலாக நிற்கிற மஞ்சள் பங்கும் குறைந்து எல்லாம் சமப்படுகிறது. உண்மையில் துணியிலிருந்து வருகிற மொத்த வெளிச்சம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனாலும் மஞ்சள் போனதால் கண் அதை அதிக வெள்ளை என்கிறது.

கோயில் திருவிழா நாடகத்துக்கோ காமன் கூத்துக்கோ கலர் லைட் போடுகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. சிவப்புச் சேலை கட்டியவர்மேல் பச்சை லைட் அடித்தால் சேலை கறுத்துப் போகும். திருப்பி அனுப்பச் சிவப்பே அங்கே இல்லையே. தேயிலை இலையை இருட்டில் சிவப்பு டோர்ச்சால் பாருங்கள், அதுவும் கறுக்கும். இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் நன்றாக உறிஞ்சிக்கொண்டு பச்சையைத்தான் கூடுதலாக விட்டுவைக்கிறது.

படி 4: வர்ணம் ஏன் வேறு கணக்கு

வெளிச்சத்தைக் கூட்டுகிறோம், வர்ணத்தைக் கலக்கும்போது கழிக்கிறோம். குழப்பமெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான்.

மஞ்சள் வர்ணம் நீல வெளிச்சத்தை விழுங்கிவிட்டுச் சிவப்பையும் பச்சையையும் திருப்பி அனுப்பும். பெட்டி நீலம் சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தையும் கொஞ்சம் பச்சையையும் அனுப்பும். இரண்டையும் குழைத்தால், இரண்டுமே விழுங்காமல் விட்ட பச்சை மட்டும் தப்பிப் பிழைக்கிறது. டோர்ச்சில் வெள்ளை தருகிற அதே மஞ்சளும் நீலமும் தட்டில் பச்சை தருவது இதனால்தான்.

ஆகவே ஓவியர்கள் தங்களுக்கு வேறு வட்டம் வைத்துக்கொண்டார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் முதல் நிறங்கள், அவற்றைக் கலந்து செம்மஞ்சள், பச்சை, ஊதா. எதிரெதிராகச் சிவப்பு–பச்சை, மஞ்சள்–ஊதா, நீலம்–செம்மஞ்சள். 1720களில் யாக்கோப் லெ புளோன் என்ற அச்சுக் கலைஞர் இந்த மூன்று நிறத் தகடுகளை வைத்தே லண்டனில் கலர்ப் படம் அச்சடித்தார். அன்றைக்குக் கையில் கிடைத்த வர்ணப் பொடிகளைக் கொண்டு செய்த வட்டம் இது, வேலைக்கு உதவியது, நிலைத்துவிட்டது. இன்றைய அச்சகம் இன்னும் நுட்பமானது. செய்தித்தாளின் ஓரத்தில் சின்னச் சின்ன நிறப் புள்ளிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சயன், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. டோர்ச் நிழலில் வந்த அதே மூன்று!

இரண்டு வட்டத்துக்கும் நடுவே ஒரு பாலமும் உண்டு. அமெரிக்க ஓவியரும் ஆசிரியருமான ஆல்பர்ட் மன்செல் 1905இல் கண்ணுக்குத் தெரிகிற வேறுபாட்டை அளவாக வைத்து ஒரு நிற முறையை வெளியிட்டார். அதில் சிவப்புக்கு எதிரே நீலப்பச்சை, மஞ்சளுக்கு எதிரே ஊதாநீலம், நீலத்துக்கு எதிரே மஞ்சள்சிவப்பு, அதாவது நம் செம்மஞ்சள். பச்சைக்கு எதிரே சிவப்பூதா. முதல் படியில் கண் சொன்னதை எழுதி வைத்தோமே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘நீலம்’ என்று இரண்டு பாடமும் ஒரே சொல்லைச் சொன்னாலும் குறிப்பது ஒரே நீலத்தை இல்லை. டோர்ச்சின் நீலம் ஊதாவுக்குப் பக்கத்து நீலம், அதற்கு எதிரே மஞ்சள். பெட்டியின் நீலம் பெரும்பாலும் அதைவிடப் பச்சைப் பக்கம் நகர்ந்தது. நீலம் பச்சைப் பக்கம் நகர நகர அதன் எதிர் நிறம் செம்மஞ்சளுக்கு, பிறகு சிவப்புக்கே போகும். வட்டத்தின் ஒரு முனை நகர்ந்தால் மறுமுனையும் நகர்ந்துதானே ஆக வேண்டும். “எந்த நீலம்?” என்று திருப்பிக் கேட்டிருந்தால் அவளே பதிலைக் கண்டுபிடித்திருப்பாள்.

ஆகவே உங்கள் பெட்டிக்கு உங்கள் ஜோடிகளை நீங்களே கண்டுபிடியுங்கள். கடதாசியில் ஏழு கட்டங்கள் போடுங்கள். இடது கடைசியில் சிவப்பு, வலது கடைசியில் பச்சை. நடுவில் உள்ள கட்டங்களில் ஒன்றோடு ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கலந்து பூசுங்கள். நடுக்கட்டம் சிவப்பும் சாயாமல் பச்சையும் சாயாமல் சாம்பலாக வந்தால் அந்த இரண்டும் உண்மையான எதிர் ஜோடி. மண்ணிறமாக நின்றுவிட்டால் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது. பச்சையில் ஒரு சொட்டு நீலத்தைக் கூட்டி மறுபடியும் முயலுங்கள். அல்ட்ராமரீன் நீலமும் பேர்ன்ட் சியன்னா என்ற சுட்ட மண் நிறமும் கிடைத்தால் கட்டாயம் கலந்து பாருங்கள். கறுப்பு வர்ணமே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு ஆழமான, உயிருள்ள சாம்பல் அது.

படி 5: பக்கத்தில் வைத்தால் ஏறும், கலந்தால் அடங்கும்

இதை நம் ஆட்கள் எப்போதோ தெரிந்துவைத்திருக்கிறார்கள். அரக்குச் சேலைக்குப் பச்சைக் கரை, மாம்பழ மஞ்சளுக்குக் கத்தரிப்பூ நிறம், மயில்கழுத்து நீலத்துக்குச் செம்மஞ்சள். நெசவாளி எந்த வட்டத்தையும் பார்த்து இவற்றைச் சேர்த்ததில்லை. நீல மயில்மேல் செந்நிற முருகனை, நீலக் கடல்மேல் எழும் ஞாயிறாகப் பழந்தமிழ்ப் புலவர் கண்டதும் இதே ஜோடிதான்.

இதன் விதியை எழுதி வைத்தவர் மிஷேல் யூஜின் ஷெவ்ரோல் என்ற பிரெஞ்சு இரசாயன அறிஞர். பாரிஸில் கோப்ளின் நெசவுக்கூடத்தின் சாயப் பகுதிக்கு 1824இல் பொறுப்பேற்றார். கறுப்பு நூல் கறுப்பாக இல்லை, வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தை ஆராய்ந்து பார்த்தார், அதில் குறையில்லை. அந்தக் கறுப்பை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால்தான் அப்படித் தெரிந்தது. ஒவ்வொரு நிறமும் பக்கத்து நிறத்தின்மேல் தன் எதிர் நிறத்தைச் சாய்க்கிறது என்று கண்டு 1839இல் பெரிய புத்தகமாகவே வெளியிட்டார். சேலைக் கடையில் ஒரு விதமாகவும் வீட்டில் ரவிக்கைத் துணியோடு வைத்தால் வேறு விதமாகவும் நிறம் தெரிகிறதென்றால், விளக்கு வெளிச்சத்தோடு இதையும் சேர்த்து யோசியுங்கள்.

இதற்கு எங்கள் குளிர்ப் பிரதேசத்தில் மலிவான பயிற்சி ஒன்று உண்டு, கம்பளி நூல். ஸ்வெட்டர் பின்னி மிஞ்சிய சிவப்பு, பச்சை நூல்களைத் தனித்தனியாகப் பந்தாக்கிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிப் பேசும். பிறகு அதே இரண்டையும் ஒன்றாக முறுக்கி அறையின் அந்தக் கோடிக்குப் போய்ப் பாருங்கள். இரண்டும் அடங்கி மங்கிய ஒரு நிறமாகிவிடும். ஓவியர் வின்சென்ட் வான்கோ இப்படித்தான் கம்பளி நூல்களை முறுக்கிப் பந்தாக்கி நிறச் சேர்க்கைகளைச் சோதித்தார். அவருடைய நூல் பெட்டி இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 1888இல் ஓர் இரவு விடுதியை வரைந்தபோது, மனிதனின் பயங்கரமான வேட்கைகளைச் சிவப்பாலும் பச்சையாலும் சொல்ல முயன்றதாகத் தம்பிக்கு எழுதினார். எதிர் நிறங்கள் அழகுக்கு மட்டும் என்று நினைத்திருந்த எனக்கு அது ஒரு திறப்பு. சண்டையையும் அவை சொல்லும்.

சண்டை வேண்டாத இடத்தில் கவனம். முழுப் பலத்திலுள்ள சிவப்பும் பச்சையும் ஒரே அளவு வெளிச்சமாக இருந்தால் ஓரம் அதிரும், படிக்க முடியாது. பச்சைப் பலகையில் சிவப்பு எழுத்து எழுதிய விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். சோதிக்க வழி சுலபம். போனில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எழுத்து மறைந்துபோனால் ஒன்றை வெளிறவையுங்கள், அல்லது மற்றதைக் கருக்குங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே 1872இல் வரைந்த சூரிய உதயப் படத்தில் சாம்பல் நீலப் புகைக்குள் செம்மஞ்சள் சூரியன் கொதிக்கும். கறுப்பு வெள்ளையில் அந்தச் சூரியன் அநேகமாகக் காணாமல் போகும். ஓவியருக்கு அப்படி வைக்க உரிமை உண்டு. அறிவித்தல் பலகை எழுதுகிறவருக்கு அந்த உரிமை இல்லை.

இங்கே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறவியிலேயே வருவது, ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம். ஒரு பையன் இலையை மண்ணிறத்தில் தீட்டினால் கவனமில்லை என்று திட்டாதீர்கள். வர்ணப் புட்டிகளில் பெயர் எழுதி ஒட்டிக் கொடுங்கள், வெளிச்சம்–இருள் வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள். நீலமும் மஞ்சளும் அவனுக்கு நன்றாகத் தெரியும், அந்த ஜோடியில் வரையட்டும்.

படி 6: தேயிலை மலையைத் தீட்டுவது

இதற்காகத்தான் இவ்வளவும். மலையகத்துப் பிள்ளையிடம் ஒரு படம் வரையச் சொன்னால் மலையைத்தான் வரையும். பெட்டிப் பச்சையை அப்படியே எடுத்து மலை முழுக்கப் பூசும். காய்ந்ததும் மலை பிளாஸ்டிக் மாதிரி நிற்கும். “நம்ம மலை இப்படி இல்லையே டீச்சர்” என்று அதுவே வருத்தப்படும். குறைந்தது எது? சிவப்பு.

பென்சிலால் மலைக்கோடு போட்டதும், பச்சையைத் தொடாமல், தேயிலை வருகிற இடம் முழுக்கச் செம்மண் நிறத்தை நீர்த்துப் பூசிக் காயவிடுங்கள். எங்கள் மலைகளின் மண்ணே செம்மையும் மஞ்சளும் கலந்தது. வெட்டிவிட்ட பாதையோரத்திலும் கவ்வாத்து வெட்டிய மலையிலும் அதைப் பார்க்கலாம். அதன்மேல் பச்சையைச் செடி செடியாக, வரிசை வரிசையாக வையுங்கள். இடையிடையே மண் எட்டிப் பார்க்கட்டும். பச்சை தன் எதிர் நிறத்தின்மேல் உட்கார்ந்திருப்பதால், நீங்கள் ஒன்றும் செய்யாமலே அது துடிக்கும்.

பச்சை ஒன்றில்லை என்பதையும் பாருங்கள். செடியின் தலையில் நிற்கும் இளங்கொழுந்து மஞ்சள் சாய்ந்த கிளிப்பச்சை. அதைத் தூக்கிக் காட்ட வேண்டுமானால் பக்கத்து நிழலில் ஒரு துளி ஊதா. கீழே முற்றிய இலை நீலம் சாய்ந்த கரும்பச்சை. அதைக் கருக்கக் கறுப்பை எடுக்காதீர்கள், அரக்கு மாதிரி ஒரு சிவப்பைத் தொட்டுக் கலவுங்கள். பிரஷ்ஷின் நுனியில் எடுத்த அளவே போதும், கூடினால் இலை சருகாகிவிடும். தட்டில் எப்போதும் பச்சைக்குள் சிவப்பை விடுங்கள். சிவப்புக்குள் பச்சையை விட்டால் எவ்வளவு விட்டாலும் பற்றாது, வர்ணம்தான் வீண்.

அடுத்தடுத்த மலைகள் தூரம் போகப் போக நீலமாகும். இடையிலுள்ள காற்று குறுகிய அலைகளை அதிகம் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புவதால் வருகிற நீலம் அது. அந்த நீலத்தை அப்படியே பூசினால் முன்னால் பாய்ந்து வரும். கொஞ்சம் செம்மஞ்சளைக் கலந்து அடக்கி, தண்ணீரைக் கூட்டுங்கள். ஹப்புத்தளைப் பக்கம் லிப்டன் சீட் என்ற மலைமுனையில் விடியற்காலை நின்றால் இதை அடுக்கடுக்காகக் காணலாம். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு துளி வெள்ளைக் கடதாசி கூடுதலாகத் தெரிய வேண்டும்.

பிறகு ஆட்கள். பரந்த பச்சையில் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணின் சிவப்புச் சேலை நெல்லளவு புள்ளியாக இருந்தாலும் கண் நேரே அங்கே போய்விடும். பிள்ளைகள் பத்துப் பேரைப் பத்துச் சிவப்பில் வரைவார்கள், அப்போது ஒருவரும் தெரியமாட்டார்கள். ஒரே ஒரு சிவப்பு வையுங்கள், மற்றவர்களுக்கு மங்கிய நிறங்கள்.

முகத்தையும் கையையும் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. எங்கள் தோலின் மாநிறம் நிறக் கணக்கில் கருமையேறிய செம்மஞ்சள். அதன் நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் முகம் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். எத்தனையோ படங்களில் எங்கள் பெண்களின் முகங்கள் அப்படி ஆகியிருப்பதைப் பார்த்து வேதனைப்பட்டிருக்கிறேன். நிழலுக்கு நீலத்தைக் கலவுங்கள். வெயில் படுகிற கன்னத்தில் செம்மஞ்சளை விடுங்கள். தாடைக்கு அடியில், கீழிருந்து தேயிலை எதிரொளிக்கும் இடத்தில், ஒரு மெல்லிய பச்சைக் கோடு. கண்ணாடியில் உங்கள் முகத்தையே பார்த்து வரைந்து பழகுங்கள்.

கடைசியில் மூடுபனி. பனிக்கு வெள்ளையும் கறுப்பும் கலந்த சாம்பல் செத்த சாம்பல். நான்காம் படியில் கண்டுபிடித்த ஜோடிகளிலிருந்து மூன்று சாம்பல் எடுங்கள்: நீலம்–செம்மஞ்சளில் ஒன்று, சிவப்பு–பச்சையில் ஒன்று, மஞ்சள்–ஊதாவில் ஒன்று. நிறையத் தண்ணீர் விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஈரத்தோடு ஓடவிடுங்கள். வெயில் வரப்போகிற பக்கம் மஞ்சள் சாய்ந்தது, பள்ளத்தாக்குப் பக்கம் நீலம் சாய்ந்தது. ஒன்றோடொன்று கலக்கிற இடத்தைத் தொடாமல் காயவிடுங்கள்.

வேலை முடிந்ததும் தட்டில் மிஞ்சிய கலவையைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரு மூலைக்கு ஒதுக்கி, ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள். நாளைக்குக் காலையில் மலையை மறைத்துக்கொண்டு பனி இறங்கும்போது அந்தச் சாம்பல் தேவைப்படும்.